சர்தார் படேல் சாலையைக் கடக்க ஒரு படிப்பு

தமிழ்நாடு அரசு உயர்கல்வித் துறைக்கும், அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றை நடத்தும் பெரியோர்களுக்கும்,

வணக்கம். சென்னையில் நீங்கள் மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரு எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி படிப்பைத் தொடங்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள ஓர் ஊசிமருந்து ஆலையில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வேலைக்கு வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. ஆலையில் தயாராகும் ஒவ்வொரு பேட்ச்சின் மாதிரியும் எங்கள் ஆய்வகத்தில் 14 நாள் இருக்கும். அதில் எந்தக் கிருமியும் வளரவில்லை என்று நாங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மருந்து வெளியே போகும். எங்கோ ஓர் ஊரில் ஒரு நர்ஸ் அந்த மருந்தை உடைத்து ஊசியில் ஏற்றும்போது, எங்கள் கையெழுத்தை நம்பித்தான் ஏற்றுகிறார்.

போன மாதம் இரண்டு காலியிடங்களுக்கு நேர்காணல் நடத்தினேன். வந்த எல்லோரும் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்தவர்கள். அரக்கோணத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையை வெள்ளைப் பலகையில் அழகாக வரைந்து விளக்கினாள். நல்ல அறிவு, நல்ல தெளிவு. அப்புறம், கருவிகளை நீராவி அழுத்தத்தில் வைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைப் பற்றிக் கேட்டேன்: "ஆட்டோகிளேவை நீயே எத்தனை முறை போட்டிருக்கிறாய்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லேப் அண்ணாதான் போடுவார் மேடம், நாங்கள் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொள்வோம்" என்றாள். கையில் இன்னொரு வேலைக்கான கடிதமும் வைத்திருந்தாள். மெடிக்கல் கோடிங்.

இந்த ஊரில் பயோடெக் படித்த பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு மெடிக்கல் கோடிங் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, காப்பீட்டுக்கான எண்களைப் போடும் வேலை. அது நாணயமான வேலை, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் வேலை. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை, நானும் ஓராண்டு செய்தவள்தான். ஆனால் அதற்கு இரண்டு வருட முதுநிலைப் படிப்பு தேவையில்லை. அப்பா நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணமும் தேவையில்லை.

நான் படித்த கல்லூரியில் ஒரு ஃபெர்மென்டர், அதாவது நுண்ணுயிர்களை வளர்க்கும் கலன், இருந்தது. ஐந்து லிட்டர், கண்ணாடிப் பாத்திரம். அது ஒரு பூட்டிய அறையில் இருக்கும். ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் திறப்பார்கள். இரண்டு ஆண்டுகளில் அதை ஒரு தடவைகூட நான் ஓட்டியதில்லை. உடைந்தால் யார் பணம் கட்டுவது என்பதுதான் எங்கள் பேராசிரியரின் பயம். அவரையும் இப்போது குறை சொல்லத் தோன்றவில்லை, வேறொன்று வாங்க அவரிடம் பணம் கிடையாது. ஆலையில் சேர்ந்த முதல் நாள், தூசியும் கிருமியும் புகாமல் காக்கும் கிளீன்ரூமுக்கான உடையை எந்த வரிசையில் மாட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு மூத்த ஊழியர், பி.எஸ்சி. மட்டும் படித்தவர், அம்மா மாதிரி நின்று சொல்லிக்கொடுத்தார். அவர் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் இன்றுவரை சம்பாதிக்கிறேன்.

இதெல்லாம் நடந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அரக்கோணத்துப் பெண் அதே பதிலைச் சொல்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கேட்பது ஒன்றுதான். சென்னையில் ஒரு கூட்டு முதுநிலைப் படிப்பைத் தொடங்குங்கள். மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தும் ஒரே எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி. ஒரே சேர்க்கை, ஒரே கட்டணம், ஒரே பட்டம். இந்தப் பகுதியின் ஆலைகளும் ஆய்வகங்களும் இறால் குஞ்சு பொரிப்பகங்களும் எந்தத் திறமைக்கு ஆள் தேடுகின்றனவோ அதைக் கையால் செய்ய வைக்கும் படிப்பு.

கிண்டியின் வரைபடத்தை ஒரு தடவை மேசையில் விரித்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிரித்தொழில்நுட்ப மையம் 1987 முதல் அங்கே இருக்கிறது. ஒட்டினாற்போல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். சர்தார் படேல் சாலையைக் கடந்தால் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அதே சாலையில் போனால் ஐ.ஐ.டி. இன்னொரு பக்கம் நோய்த்தடுப்பு மருத்துவத்துக்காக 1899-இல் தொடங்கிய கிங் நிலையம், 1948-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம். தரமணிக்குப் போனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அடிப்படை அறிவியல் வளாகம், பயோடெக் நிறுவனங்களுக்கான டைசல் பயோ பார்க், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். எல்லாம் ஒரு பேருந்துச் சீட்டுக்குள் அடங்கும் தூரம். ஆனால் சாலைக்கு இந்தப் பக்கம் படிக்கிற மாணவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருவியைத் தொட வழியில்லை. தொட வேண்டுமென்றால் கடிதம், அனுமதி, கட்டணம், அதற்குள் பருவமே முடிந்துவிடும்.

இந்தச் சாலையைக் கடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையைத் தொடங்கியபோது, கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க நல்ல மாதிரி தேடினார். தோலில் நிறைந்திருக்கும் புரதம் அது. பக்கத்திலேயே தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதை எக்ஸ்-கதிரில் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் அந்த மூன்றிழை முறுக்கை நேச்சர் இதழில் வெளியிட்டார். உலகப் பாடப்புத்தகங்களில் இன்று இருக்கும் ஒரு கண்டுபிடிப்பு, பக்கத்து நிறுவனத்திடம் கேட்டு வாங்கிய மாதிரியிலிருந்து பிறந்திருக்கிறது. தொழிலோடு சேர்ந்தால் அறிவியல் நீர்த்துப்போகும், மேற்படிப்பு ஆலைக்கு ஆள்பிடிக்கும் இடமாகிவிடும் என்று அஞ்சும் பேராசிரியர்களுக்கு இதைத்தான் சொல்வேன். தோல் தொழிலுக்காக ஏற்பட்ட நிறுவனம்தான் அன்று அடிப்படை அறிவியலுக்குக் கை கொடுத்தது.

கூட்டுப் படிப்பும் நமக்குப் புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் பல பத்தாண்டுகளாக அந்தத் தோல் நிறுவனத்தில்தான் பாடம் கற்கிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து மருத்துவப் பொறியியலில் எம்.டெக். நடத்துகின்றன. மூன்று ஊர், இரண்டு மாநிலம். அவர்களால் முடிந்தது ஒரே ஊரில் இருப்பவர்களால் முடியாதா?

சரி, இப்போது ஏன் இவ்வளவு அவசரம்?

2023 டிசம்பரில் மருந்து தயாரிப்புக்கான அட்டவணை எம் விதிகளை ஒன்றிய அரசு முழுமையாகத் திருத்தி எழுதியது. இடர் மதிப்பீடு, ஆண்டுதோறும் ஒவ்வொரு மருந்தின் தரத்தையும் மறுபார்வை செய்வது, கணினிப் பதிவுகளைச் சரிபார்ப்பது என்று முன்பு பெரிய ஏற்றுமதி ஆலைகளில் மட்டும் இருந்த வேலைகள் இப்போது சின்ன ஆலைக்கும் கட்டாயம். விண்ணப்பித்த சிறு, நடுத்தர ஆலைகளுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். மருந்து ஆலைகள் நிறைந்த ஆலத்தூர் தொழிற்பேட்டைக்கு ஒரு நடை போய் வாருங்கள். புதிய காற்றுச் சுத்திகரிப்புக் கருவியைக் கடன் வாங்கியாவது மாட்டிவிடலாம். அதன் அளவீட்டைப் படித்து, தவறு நடந்தால் நடந்தது என்று எழுதி, காரணத்தைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த ஆளை எங்கே வாங்குவது? எங்கள் தொழிலில் பதிவேட்டில் இல்லாதது நடக்கவே இல்லை என்றுதான் கணக்கு. அந்தப் பழக்கத்தை 23 வயதில் ஊட்டலாம். 35 வயதில் ஊட்டுவது மிகக் கடினம், செய்து பார்த்தவள் சொல்கிறேன்.

அதே 2025-இன் அக்டோபரை என்னால் மறக்க முடியாது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் அதைக் குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேல் இறந்துபோனார்கள். ஆலையை நடத்தியவர்களின் பொறுப்பு தனி, அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். படிப்பு சரியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாரம் எங்கள் ஆய்வகத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கரைப்பான் வரும் ஒவ்வொரு கலனிலும் மாதிரி எடுத்துச் சோதித்தால் பிடிபடக்கூடிய நச்சு அது. "சோதிக்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு இளம் ஊழியருக்குத் துணிச்சல் வேண்டும். தன் வேலை என்னவென்று முழுசாகத் தெரிந்தவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

கிண்டி பி.சி.ஜி. ஆய்வகத்துக்கு நேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். நாட்டின் குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசி தயாரித்துக் கொடுத்த இடம். நல்ல உற்பத்தி நடைமுறைகள் பின்பற்றப்படவில்லை என்று 2008 ஜனவரியில் அதன் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள், 2010-இல்தான் திரும்பக் கிடைத்தது. செங்கல்பட்டில் 2012-இல் ஒப்புதல் பெற்ற ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் 100 ஏக்கரில் கட்டப்பட்டது. 2021 மே மாதம் கொரோனாவின் நடுவே முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்து, அதைத் தமிழ்நாட்டுக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று கேட்டார். அப்படி ஒரு வளாகம் முழுதாக ஓடும் நாளில் கலனை ஓட்டவும், புரதத்தைப் பிரித்துச் சுத்தப்படுத்தவும், குப்பியில் அடைக்கவும் ஹைதராபாத்திலிருந்தா ஆட்களைக் கூட்டி வருவது? இப்போது நம் பிள்ளைகள் அங்கே போய் வாடகை அறையில் தங்கி வேலை பழகுகிறார்கள்.

மருந்து மட்டுமே பயோடெக் என்று நான் நினைக்கவில்லை. நீலாங்கரையில் ஒரு நீர்வாழ் உயிரினத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. 2009-இல் வனாமி இறால் இந்தியாவுக்கு வந்தது முதல், வெளிநாட்டிலிருந்து இறக்கும் தாய் இறால்கள் அங்கே நோய்ச் சோதனை முடிந்த பிறகுதான் கிழக்குக் கடற்கரை முழுக்க உள்ள பொரிப்பகங்களுக்குப் போயின. கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை ஒன்றின் முடிவு தவறினால், இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோய் ஒரு ஊரின் குளங்களையே காலி செய்துவிடும். மரக்காணம் பக்கம் பொரிப்பகம் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், நம்பிக்கையான பி.சி.ஆர். ஆள் கிடைக்காமல் எவ்வளவு தவிக்கிறார்கள் என்று சொல்வார்கள். சாந்தோம் பக்கம் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது, மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தடுப்பூசி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளில் சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு முடி நீக்குவதற்குப் பதிலாக நொதிகளைக் கொண்டு நீக்கலாம். அதைத் தினசரி சரியாக நடத்திக் காட்ட ஆள் இருந்தால் பாலாற்றுக்கு அது பெரிய உபகாரம்.

படிப்பு எப்படி இருக்கலாம் என்று என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன், உங்கள் வல்லுநர்கள் திருத்தட்டும். முதல் ஆண்டு கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் பாடங்களைப் பிரித்துக்கொள்ளலாம். ஃபெர்மென்டரும் சுத்திகரிப்பும் ஒரு வளாகத்தில், புரத அமைப்பும் நோயெதிர்ப்பியலும் அடுத்ததில். மூன்றாம் பருவத்தில் மருந்து, கால்நடைத் தடுப்பூசி, நீர்வாழ் உயிரினம், தொழிற்சாலை நொதி என்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதற்குரிய நிறுவனத்துக்கே போய்விட வேண்டும். கடைசி ஆறு மாதம் ஆலையில். சும்மா சுற்றிப் பார்த்துச் சான்றிதழ் வாங்கும் வேலை வேண்டாம். அங்கே நிஜமாக எழுந்த ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுத வேண்டும். ஒரு வழிகாட்டி பல்கலைக்கழகத்திலிருந்து, ஒருவர் ஆலையிலிருந்து. முதல் அணிக்கு 30 பேர் போதும். எம்.டெக். என்று போனால் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிகளும் சேர்ந்துகொள்ளும், அரசுக் கலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாசலும் குறுகிவிடும். ஆகையால் எம்.எஸ்சி.யாகவே இருக்கட்டும்.

அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் இதைப் பெரிதும் கேட்கிறேன். நந்தனத்திலும் வியாசர்பாடியிலும் அரசுக் கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ படித்தவர்கள் வரட்டும். முதல் மாதம் அவர்களுக்குத் தமிழிலும் சேர்த்துப் பாடம் சொல்லுங்கள். ஆலையில் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் தமிழில்தான் சொல்லிக்கொடுக்கிறோம், யாருக்கும் அறிவியல் குறைந்துவிடவில்லை. ஆலையில் இருக்கும் ஆறு மாதத்துக்கு உதவித்தொகை கட்டாயம் வேண்டும். தொழிற்பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் தரமணியிலேயே இருக்கிறது, அதன் திட்டத்தில் இந்த மாணவர்களைச் சேர்க்க முடிந்தால் உதவித்தொகையில் ஒரு பங்கை ஒன்றிய அரசே ஏற்கும். பெண்களுக்கு விடுதியும், இரவு ஷிஃப்ட் முடிந்தால் வாசல் வரை வண்டியும் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். வண்டி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வேலையை விட்ட கெட்டிக்காரப் பெண்களை எண்ண என் கைவிரல்கள் போதாது.

மூன்று முள்கள் காலில் குத்தும், இப்போதே பிடுங்கிவிட வேண்டும்.

முதலாவது இடஒதுக்கீடு. 2021 தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பயோடெக் எம்.டெக். படிப்புகளுக்கு என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். நிதி ஒன்றிய உயிரித்தொழில்நுட்பத் துறையுடையது, அவர்கள் 49.5 சதவீதம் என்றார்கள். நமக்கு 69 சதவீதம். முடிவெடுக்க முடியாமல் அந்த ஆண்டுச் சேர்க்கையையே நிறுத்தப் பார்த்தார்கள். மாணவர்கள் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இந்தப் படிப்புக்கு முதல் ரூபாய் தமிழ்நாடு அரசிடமிருந்தே வரட்டும், 69 சதவீதம் முதல் நாளே எழுத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது இணைத்தன்மை, அதாவது இந்தப் பட்டம் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்ற அங்கீகாரம். பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூடினாலும் அரசுப் பணித் தேர்வு நடத்தும் டி.என்.பி.எஸ்.சி.யிலும் ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி.யிலும் "இணையானது அல்ல" என்று விண்ணப்பம் திரும்பி வரும். அப்புறம் ஒரு அரசாணைக்காகப் பிள்ளைகள் தலைமைச் செயலகத்துக்கும் கல்லூரிக்கும் ஆண்டுக்கணக்கில் அலைவார்கள். முதல் மாணவர் சேரும் முன்பே இணைத்தன்மை அரசாணை வெளிவர வேண்டும். இதில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, யார் பொறுப்பு என்பது. 2023 ஆகஸ்டுக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகமும், 2024 ஆகஸ்டுக்குப் பின் அண்ணா பல்கலைக்கழகமும் துணைவேந்தர் இல்லாமல் நாட்களைத் தள்ளின. ஒரு கோப்பில் கையெழுத்துக்கு யாரைத் தேடுவது என்று தெரியாத நிலையில் மூன்று பல்கலைக்கழகங்களின் கோப்பை யார் நகர்த்துவது? உயர்கல்வித் துறையிலேயே இதற்கென ஓர் அதிகாரியை நியமியுங்கள். தேர்வு, மதிப்பெண் பட்டியல், கால அட்டவணை மூன்றையும் ஒரே பல்கலைக்கழகம் பார்க்கட்டும், பட்டத்தில் மட்டும் மூன்று முத்திரையும் இருக்கட்டும்.

கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் என்னால் ஆனதையும் செய்திருக்கிறேன். ஆண்டுக்கு மூன்று மாணவர்களை ஆறு மாதம் எங்கள் ஆய்வகத்தில் வைத்துக் கற்றுக்கொடுக்க நிர்வாகத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டேன். பக்கத்து ஆலைகளில் உள்ள என் தோழிகள் இருவரும் தங்கள் மேலாளர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் முதல் கூட்டத்தைக் கூட்டும் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன், எந்த மேசையின் ஓரத்தில் உட்கார வைத்தாலும் சரி.

அரக்கோணத்துப் பெண் கோடிங் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களிடம் சேர்ந்துவிட்டாள். வருகிற திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு ஆட்டோகிளேவ் போடக் கற்றுக்கொடுக்கிறேன். உங்களில் யாருக்காவது வந்து பார்க்க விருப்பம் இருந்தால் வாருங்கள், உடை மாற்றும் அறையிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
மருந்து ஆலை நுண்ணுயிரியலாளர் ஒருவர்,
சென்னை